அந்த 13 லட்சத்தைக் கட்டாதீர்கள் அண்ணே

போன வாரம் கோத்தகிரிப் பக்கமிருந்து ஒரு கணவன் மனைவி வந்திருந்தார்கள். இரண்டு ஏக்கர் தேயிலை, ஒரே பையன், பிளஸ் டூ முடித்திருக்கிறான். "ராத்திரி பூரா கறுப்பு ஸ்கிரீன்ல என்னமோ தட்டிட்டே இருக்கான் சார்" என்று அம்மா கண் கலங்கினார். கோயம்புத்தூர் மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏஐ படிப்புக்கு சீட் பேசி வைத்திருக்கிறாராம், நாலு வருஷத்துக்கு 13 லட்சம். பயப்படாதீங்க என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டேன். அது போதாது என்று அப்புறம்தான் உறைத்தது, அதனால் அந்த அப்பாவுக்கே இதை எழுதுகிறேன்.

அண்ணே, கணக்கைப் பாருங்கள். அந்த 13 லட்சத்தில் 10 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, பத்து வருஷம் என்றால் மாதம் 13,775 ரூபாய் தவணை. பச்சைத் தேயிலை விலை எந்த மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியாது, தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். மாமா கட்டப்போவதில்லை.

பையன் என்னதான் செய்கிறான் என்று அவனிடமே கேட்டேன். பழைய லேப்டாப்பில் ஃப்ரீபிஎஸ்டி போட்டிருக்கிறான். விண்டோஸ் போல மெஷினை ஓட்டுகிற மென்பொருள்தான், லினக்ஸ் மாதிரியே பழைய யுனிக்ஸ் வழியில் வந்த இன்னொரு இயங்குதளம், 1993-லிருந்து இருக்கிறது. லினக்ஸுக்காக யாரோ எழுதிய, மெஷினின் சூட்டையும் மின்விசிறியையும் கவனிக்கிற சின்ன நிரலை இதில் ஓடவைக்கப் பார்க்கிறான். இதைப் போர்ட் செய்வது என்பார்கள். கேட்க சாதாரணமாக இருக்கும், ஆனால் இரண்டும் அண்ணன் தம்பி போல முகஜாடை ஒன்று, வீட்டு வழக்கம் வேறு. பிராசஸர் 40 டிகிரி சூட்டில் இருந்தால் லினக்ஸ் அதை ஒரு கோப்பில் 40000 என்று வைக்கும், மில்லி டிகிரி கணக்கு. ஃப்ரீபிஎஸ்டி உள்ளுக்குள் கெல்வினில் பத்தில் ஒரு பங்காக எண்ணும், அங்கே அதே சூடு 3131. அதே குடும்பத்து ஓபன்பிஎஸ்டியோ மைக்ரோ கெல்வின். (நம்ம ஊர் டிசம்பர் குளிருக்கு அந்த 40 டிகிரி மடிக்கு இதம்தான்.) சிப்போடு நேராகப் பேச லினக்ஸில் ஐஓபெர்ம் என்று அனுமதி கேட்க வேண்டும், ஃப்ரீபிஎஸ்டியில் அதற்கென்று உள்ள ஒரு சாதனக் கோப்பைத் திறக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அவுட்பி கதை, சிப்புக்கு ஒரு எண்ணை அனுப்புகிற கட்டளை அது. இரண்டிலும் அதே பெயர், ஆனால் லினக்ஸில் அனுப்பும் மதிப்பு முதலில், அது போய்ச் சேர வேண்டிய இடத்தின் எண் (போர்ட் எண்) பிறகு, ஃப்ரீபிஎஸ்டியில் தலைகீழ். இரண்டும் வெறும் எண் என்பதால் நிரலை மெஷினுக்குப் புரியும்படி மாற்றுகிற கம்பைலர் பெரும்பாலும் வாய் திறக்காது, தப்பான இடத்தில் தப்பான எண் போய் விழும். இதை அவன் மூன்று நாள் தேடிக் கண்டுபிடித்திருக்கிறான், யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த வேலைக்குக் கூட்டம் கிடையாது. இடமும் நிறைய இல்லை, அதையும் மறைக்க மாட்டேன். ஆனால் நெட்ஃப்ளிக்ஸ் வீடியோ அனுப்பும் சர்வர்கள் ஃப்ரீபிஎஸ்டியில்தான் ஓடுகின்றன, ஜுனிபர் ரவுட்டர்களை ஓட்டும் ஜூனோஸும் நெட்ஆப் கம்பெனியின் தகவல் சேமிப்பு மென்பொருளும் அதன் வழி வந்தவை. ஜுனிபர், நெட்ஆப் இரண்டுக்கும் பெங்களூரில் அலுவலகம் உண்டு. ஹார்ட்வேரைத் தொட்டுப் பழகிய கை எம்பெடட் வேலைக்கும், அதாவது கருவிகளுக்குள் இருக்கும் சின்னக் கணினிகளுக்கு நிரல் எழுதும் வேலைக்கும் ஆகும்.

அதனால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல். அதோடு சி மொழி, கணினி கட்டமைப்பு, பிழையைத் தெளிவாக எழுதிச் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம். செய்த திருத்தத்தைத் தன் லேப்டாப்பிலேயே பூட்டி வைக்காமல் மூல நிரலை எழுதியவர்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், திருப்பி அனுப்பினால் திருத்தி மறுபடி அனுப்பட்டும். வேலை கேட்டுப் போகும்போது காட்ட அதுதான் இருக்கும். 18 வயது ஆனதும் புதியவர்களை இப்படிப்பட்ட திறந்த மூல நிரல் வேலையில் பழக்கும் கூகுள் சம்மர் ஆஃப் கோடு திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம், எடுத்துக்கொண்டால் உதவித்தொகையும் உண்டு. செலவு என்று பார்த்தால், சோதித்துப் பார்க்க இன்னொரு பழைய லேப்டாப், கரண்ட் பில்.

ஒன்றில் மட்டும் நான் அவன் பக்கம் இல்லை: ராத்திரி பதினொன்றுக்கு மேல் மூடி வைக்கட்டும். திங்கட்கிழமை சீட்டுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும் என்றீர்களே, கட்டாமல் அன்றைக்கு அவனை லேப்டாப்போடு இங்கே கூட்டி வாருங்கள். மாமா பேசினால் என் நம்பரைக் கொடுங்கள்.