தீபாவளிக்கு ஆன்லைனில் பட்டாசு: பணம் கட்டலாமா?

"சிவகாசி விலை, 80% தள்ளுபடி" என்று இன்ஸ்டாகிராமில் வரும் விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். இணையதளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரிலேயே சொல்லிவிட்டது.

தள்ளுபடியை வைத்து அசல், போலி பிரிக்க முடியாது. நிஜக் கடைகளின் பட்டியலிலும் விலையை ஏற்றிப் போட்டு, பிறகு 80% குறைப்பது வழக்கம்தான். பணம் போகும் இடத்தைப் பாருங்கள். யுபிஐ-யில் கடைப் பெயருக்குப் பதில் யாரோ தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மோசடிக்காரர் முன்பணத்தோடு விடமாட்டார்: லாரி ரசீது என்று ஒரு படம் வரும், அடுத்து ஜிஎஸ்டி, பிறகு வண்டி வாடகை, கடைசியில் போன் ஸ்விட்ச் ஆஃப். உரிமம் உள்ள உள்ளூர்க் கடையில் நேரில் வாங்குவதே நல்லது. மத்தாப்பின் பெட்டி நமுத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

வாட்ஸ்அப்பில் வாழ்த்து என்று வரும் ஃபைலின் பெயர் 'ஏபிகே' (.apk) என்று முடிந்தால் திறக்காதீர்கள். அது படமல்ல, செயலி. நிறுவ அனுமதித்தால் உங்கள் எஸ்எம்எஸ்-களைப் படித்து ஓடிபி-யை எடுத்துவிடும். பரிசுப் பணம் "வாங்க" யுபிஐ ரகசிய எண்ணை (பின்) கேட்டாலும் ஏமாற்றுதான். பணம் வாங்க அந்த எண்ணைப் போடவே தேவையில்லை.

ஏற்கெனவே பணம் போய்விட்டதா? உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். 12 இலக்கப் பரிவர்த்தனை எண், ஸ்க்ரீன்ஷாட் இரண்டும் கையில் இருக்கட்டும். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் மீட்க வழியுண்டு.