மாணிக்கவேலு நாயக்கர் காமன்வீல் கட்சியா, காங்கிரஸா?

ஒரு புத்தகம் காமன்வீல் என்கிறது, இன்னொன்று காங்கிரஸ் அமைச்சர் என்கிறது, கல்லூரிக் கட்டுரையில் எதை எழுதுவது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டும் சரிதான், ஆண்டுதான் வேறு.

1952 தேர்தலின்போது மாணிக்கவேலு நாயக்கர், காமன்வீல் என்ற சிறிய வன்னியர் கட்சியின் தலைவர். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கம்தான் அவர்களுக்குச் செல்வாக்கு. ஜெயித்தது வெறும் 6 இடம். ஆனால் 375 பேர் கொண்ட சென்னை மாநிலச் சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்ததே 152! அந்த ஆறு பேருக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும், பாருங்கள். காங்கிரஸ் முதல்வர் ராஜாஜியை ஆதரித்து நாயக்கர் அமைச்சரானார். 1954இல் காமராஜர் முதல்வரானபோதும் அமைச்சரவையில் இருந்தார். அப்புறம் காங்கிரஸ்காரராகவே வருவாய்த் துறை, 1964இலிருந்து சட்ட மேலவைத் தலைவர் பதவி.

பழைய ஆவணங்களில் 'வேலூர் மாவட்டம்' என்று தேடாதீர்கள், கிடைக்காது. அந்தக் காலத்தில் வேலூர்ப் பகுதி வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது.