படிகமாகுது, ஆனா திரும்பலை: ஜெர்மானியம்-ஆன்டிமனி-டெல்லூரியம் (ஜிஎஸ்டி) படலம் பற்றி

வணக்கம். கண்ணாடித் தகட்டில் 200 நானோமீட்டருக்கு ஜெர்மானியம்-ஆன்டிமனி-டெல்லூரியம் படலம் போட்டு, லேசரில் படிகமாக்கிட்டீங்க. பழைய படிகமற்ற (அணுக்கள் ஒழுங்கில்லாம இருக்கிற) நிலைக்குத்தான் திரும்பலைன்னு கேட்டிருக்கீங்க. தயவுசெய்து லேசர் திறனை இன்னும் ஏத்தாதீங்க, படலம் பொசுங்கிடும்.

சிக்கல் பெரும்பாலும் ஆறுற வேகத்தில்தான். படிகமாக 150 டிகிரி செல்சியஸ் வாக்கில் போதும். திரும்பணும்னா 600-க்கு மேல உருகி, சில பத்து நானோவிநாடிக்குள்ள குளிரணும். கண்ணாடி வெப்பத்தை மெதுவாத்தான் கடத்தும், அதனால ஆறும்போதே மறுபடி படிகமாயிடுது.

படலத்தை 30 நானோமீட்டருக்குக் குறைங்க. வெப்பத்தைச் சட்டுனு இழுக்க அடியில அலுமினியப் பூச்சு, படலத்தோட இரண்டு பக்கமும் துத்தநாக சல்ஃபைடு-சிலிக்கா அடுக்கு. மறுபதிவு டிவிடியிலயும் இந்த அமைப்புதான்! மேல் அடுக்கை மட்டும் விட்டுடாதீங்க, டெல்லூரியம் ஆவியாப் போயிடும். லேசர் துடிப்பு சட்டுனு அணையுதான்னு அலைக்காட்டியில (ஆசிலோஸ்கோப்) பார்த்துச் சொல்லுங்க.