சைலன்சருக்குள் இருக்கும் சின்ன வலை: கேள்வி பதில்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, வரம்புப் புல்லும் காய்ந்துவிட்டது. வந்த கேள்விகளில் அநேகமானவை, பெற்றோலில் ஒயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் மெசின் பற்றியவை. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

வவுணதீவு: அண்ணன், புல்லு வெட்டும் மெசின் ஸ்டார்ட் ஆகுது. வேகம் கூட்டினால் திணறுது. பிளக் மாற்றியும் காபரேட்டர் கழுவியும் சரிவரவில்லை.

தம்பி, செலவழித்தது போதும், சைலன்சரைப் பாருங்கள். மெசின் நன்றாக ஆறட்டும். மறுகா புகை வரும் வாயில் இருக்கும் திருகாணியைக் கழற்றுங்கள். உள்ளே பெருவிரல் நகமளவில் ஒரு கம்பிவலை இருக்கும். சில மெசினில் அது சின்னத் தொப்பி மாதிரி இருக்கும். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். கண் ஒன்றுகூடத் தெரியாமல் தார் பூசியதுபோல இருந்தால் நோய் அதுதான். பழைய புகை வெளியே போனால்தானே புதுக் காற்றும் பெற்றோலும் உள்ளே வரும்? மெதுவாக ஓடும்போது புகை கொஞ்சம் என்பதால் சமாளிக்கும், வேகம் கூட்டினால் மூச்சடைக்கும்.

வலையைக் குறட்டில் பிடித்து காஸ் அடுப்பில் சிவக்கக் காட்டுங்கள். கரி எரிந்து போகும். ஆறிய பிறகு கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். கம்பி அறுந்து ஓட்டை விழுந்திருந்தால் புதிது வாங்கிப் போடுங்கள்.

கொக்கட்டிச்சோலை: வலையைக் கழற்றி எறிந்துவிட்டேன், இப்போது நல்லா இழுக்குது. பிறகு அது எதற்கு?

நானும் ஒருமுறை எறிந்தவன்தான். வாய்க்கால் கட்டில் இலுக்குப் புல் வெட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் சடசடவென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பாய் விரித்த அகலத்துக்குத் தீ. வாய்க்காலில் தண்ணீர் இருந்ததால் சாக்கை நனைத்து அடித்து அணைத்தேன்.

டூ ஸ்ட்ரோக்கில் ஒயிலும் பெற்றோலோடு சேர்ந்து எரிகிறது. அந்தக் கரி சைலன்சருக்குள் செதிலாகப் படிந்து, சூட்டில் கழன்று, கங்காகப் பறக்கும். அதைத்தான் வலை பிடிக்கிறது. அமெரிக்க வனத்துறையின் அளவுப்படி 0.023 அங்குலத்துக்கு, அதாவது சுமார் 0.6 மில்லிமீற்றருக்கு, மேலான துணுக்கு வெளியே போகக் கூடாது. உங்கள் மெசின் இப்போது நல்லா இழுப்பது வலையில்லாததால் அல்ல, அடைப்பில்லாததால். சுத்தமான வலையைப் போட்டாலும் அப்படித்தான் இழுக்கும்.

வாகரை: கடையில் அந்த வலை இல்லை. நுளம்பு வலைக் கம்பியோ தேத்தண்ணி வடியோ வெட்டிப் போடலாமா?

வேண்டாம். நுளம்பு வலையின் கண் பெரிது, கங்கு தாண்டிவிடும். வடியின் கம்பி மெல்லியது, அந்தச் சூட்டில் அரித்துப்போகும். மெசினின் மொடல் இலக்கத்தைச் சொல்லி வலையை வரவழைத்துக்கொள்ளுங்கள்.

சம்மாந்துறை: மருந்தடிக்கும் மெசினிலும் இது இருக்கிறதா?

பலவற்றில் உண்டு, எல்லாவற்றிலும் இல்லை. சைலன்சர் மூடியைக் கழற்றிப் பார்த்தால் தெரியும்.

அக்கரைப்பற்று: மாதம் ஒருக்கா வலை அடைக்குது. ஏன்?

ஒயிலை மூடிக் கணக்கில் ஊற்றுகிறீர்கள் போல. கைநூலில் 50:1 என்றிருந்தால் 1 லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லி, 25:1 என்றால் 40. மருந்து ஊற்றும் அளவுக் குவளை ஒன்றைப் புதிதாக வாங்கி இதற்கென்றே வையுங்கள். மோட்டார் சைக்கிளில் மிஞ்சிய ஃபோர் ஸ்ட்ரோக் ஒயிலை ஊற்றவே கூடாது. கதை பேசும் நேரத்தில் மெசினைச் சும்மா ஓடவிடுவதும் கரியைக் கூட்டும்.

திருக்கோவில்: தம்பி, மகன் கஜுத் தோட்டத்தில் புல் வெட்டுகிறான். வலை இருந்தால் தீப்பிடிக்காதுதானே?

அக்கா, வலை பறக்கும் கங்குகளை மட்டும்தான் தடுக்கும். சைலன்சரின் வெளித்தகடே காய்ந்த சருகைப் பற்றவைக்கும் சூட்டில் இருக்கும். அதில் சுற்றியிருக்கும் புல்லை, மெசினை நிறுத்தி ஆறவிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். ஓடி முடிந்த கையோடு சருகின் மேல் வைக்க வேண்டாம், வெறும் மண்ணில் வைக்கட்டும். பெற்றோல் ஊற்றுவதும் ஆறிய பிறகுதான். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளி வந்து ஸ்டார்ட் பண்ணட்டும். கன்னாசிலே தண்ணியும் ஒரு சாக்கும் பக்கத்தில் இருக்கட்டும், அங்கே வாய்க்கால் இல்லையே.