உக்ரைனியத் திருமண ரொட்டியான கொரோவாயை மணமக்களே சேர்ந்து சுடலாமா? விரிசல் விடாமல் சுட்டு, எல்லோருக்கும் பகிர்வது எப்படி?

சுடலாம். ஆனால் மரபுப்படி கொரோவாய், மணமக்களுக்காக மற்றவர்கள் கூடிச் சுடும் ரொட்டி. திருமணத்துக்கு ஓரிரு நாள் முன்பு ஒற்றைப்படை எண்ணிக்கையில், பெரும்பாலும் ஏழு பேராக, மணமான பெண்கள் கூடுவார்கள். கைம்பெண்களையும் மணமுறிவு பெற்றவர்களையும் அழைக்காதது பழைய வழக்கம். அந்த விலக்கை இன்று யாரும் கடைப்பிடிக்கத் தேவையில்லை என்பேன். ஏழு கிணற்றுத் தண்ணீர், ஏழு ஆலை மாவு, ஏழு கோழிகளின் முட்டை என்று சொல்வார்கள். பாடிக்கொண்டே பிசைவார்கள். அடுப்பைக் கூட்டி ரொட்டியை உள்ளே தள்ளுவது மட்டும் ஓர் ஆணின் வேலை. அவருக்குச் சுருட்டை முடி இருக்க வேண்டும் என்பார்கள்.

இத்தனை கைகள் சடங்குக்காக மட்டும் அல்ல. உப்பிய மாவு யாருக்காகவும் காத்திருக்காது. பின்னலைச் சுற்றி, இலைகளை ஒட்டி முடிக்க அரை மணி நேரம்தான். ஒருவரே ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டிருந்தால் முதலில் செய்தது காய்ந்துவிடும், அடியில் இருக்கும் மாவு அளவு மீறி உப்பிவிடும். அதனால் இருவர் மட்டும் செய்வதென்றால் அலங்காரத்தை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

அலங்கார மாவில் ஈஸ்ட் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் புறாவின் அலகும் இலை நரம்பும் ஊதி, உருவமே தெரியாமல் போகும். 500 கிராம் மைதா, 200 மி.லி. தண்ணீர், ஒரு வெள்ளைக் கரு, ஒரு தேக்கரண்டி உப்பு போதும். சப்பாத்தி மாவை விடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி மூடி அரை மணி நேரம் வையுங்கள். மணமக்களைக் குறிக்கும் இரண்டு புறாக்கள், கோதுமைக் கதிர், கலினா எனும் சிவப்புப் பழக்கொத்து, பர்வினோக் கொடியின் இலைகள் ஆகியவை வழக்கமானவை. நிமிர்ந்து நிற்க வேண்டியவற்றில் பல்குத்தும் குச்சியைச் செருகி, 140 டிகிரி செல்சியஸில் நிறம் மாறாமல் உலரும் வரை தனியாகச் சுடுங்கள். எத்தனை குச்சி என்று எண்ணி எழுதிவையுங்கள். தட்டையான இலைகளைச் சுடாமல், ஈரத்துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள்.

ரொட்டிக்கு 1 கிலோ மைதா, 300 மி.லி. வெதுவெதுப்பான பால், 4 முட்டை, 150 கிராம் சர்க்கரை, 150 கிராம் வெண்ணெய், 12 கிராம் உப்பு, 14 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பால் கையைச் சுட்டால் ஈஸ்ட் செத்துவிடும். வெண்ணெயை முதலிலேயே போடாதீர்கள்; மாவு இழுபடும் பதத்துக்கு வந்த பிறகு சிறிது சிறிதாகச் சேர்த்துப் பிசையுங்கள். இருவராகப் பிசைந்தால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றிக்கொள்ளலாம். இரு மடங்காக உப்பியதும் 300 கிராம் மாவைப் பின்னலுக்கு எடுத்துவைத்து, மீதியை மடிப்பு அடியில் வருமாறு உருண்டையாக்கி, 26 செ.மீ. அகலமும் 10 செ.மீ. உயரமும் உள்ள வட்டக் கேக் டின்னில் வையுங்கள். பின்னலை ஓரமாகச் சுற்றுங்கள்.

விரிசலைக் கெட்ட சகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு. உண்மையான காரணங்கள் மாவிலும் சூட்டிலும்தான் இருக்கின்றன. முதன்மையானது, போதுமான அளவு உப்பாமலே ஓவனில் வைப்பது. விரலால் அழுத்தினால் பள்ளம் மெதுவாக, பாதியளவு மீள வேண்டும். சட்டென்று மீண்டால் இன்னும் நேரம் தேவை. அடுத்தது, மேல்தோல் காய்ந்துபோவது. அதற்கு, உப்பும்போது மூடிவையுங்கள். மூன்றாவது, ஆரம்பத்திலேயே அதிகச் சூடு: உள்ளே விரிவதற்குள் மேலே இறுகிவிடும். அலங்காரமும் கிழிக்கும். நீளமான கொடியை இரு முனையிலும் ஒட்டினால், ரொட்டி விரியும்போது அது மேல்தோலையும் சேர்த்து இழுக்கும். ஒரு முனையை மட்டும் வெள்ளைக் கரு தொட்டு ஒட்டுங்கள். இலை மறைக்கும் இடங்களில் நீளக் குச்சியால் அடிவரை நான்கைந்து துளைகள் இடுங்கள்.

பின்னலுக்கு மஞ்சள் கருவும் பாலும் கலந்து பூசுங்கள், இலைகளில் பூச வேண்டாம். நிற வேறுபாடுதான் அழகு. 180 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 160 டிகிரியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். மேலே சிவந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். இவ்வளவு பெரிய ரொட்டியில் நிறத்தை நம்பவே கூடாது: நடுவில் வெப்பமானி 94 டிகிரி காட்ட வேண்டும். அதற்கு முன் எடுத்தால் நடுப்பகுதி அமுங்கி, வேகாமல் பிசுபிசுக்கும். முழுக்க ஆறிய பிறகே புறாக்களைச் செருகுங்கள்.

பகிரும்போது முதலில் அலங்காரத்தைக் கழற்றி, எழுதிவைத்த கணக்குப்படி குச்சிகள் எல்லாம் வந்துவிட்டனவா என்று பாருங்கள். மேல்பகுதி மணமக்களுக்கு, நடுப்பகுதி உறவினருக்கும் விருந்தினருக்கும், அடிப்பகுதி இசைக் கலைஞர்களுக்கு என்பது முறை. வந்தவர் ஒருவருக்கும் பங்கு விட்டுப்போகக் கூடாது. இந்த அளவில் 40 கிராம் துண்டுகளாக ஏறக்குறைய 40 பேருக்கு வரும். அதற்கு மேல் ஆள் இருந்தால் ரொட்டியைப் பெரிதாக்காதீர்கள், நடு வேகாது. அதே மாவில் ஷிஷ்கி எனும் சிறு பன்களைச் சுடுங்கள். பைன் கூம்பு வடிவில் செய்யும் இவற்றை மணப்பெண் திருமணத்துக்கு அழைக்கப் போகும்போதும் கொடுப்பதுண்டு. 50 கிராம் உருண்டைக்கு 180 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் போதும். நீங்கள் இருவரும் ஷிஷ்கியைச் சுட்டு, கொரோவாயை உங்களுக்கு நெருக்கமானவர்களின் கையில் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் பரிந்துரை.