அசல் பீரோவில், பதிவு சென்னையில், பெயர் ஆதாரில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம். மதுரையில் மூன்றரை ஆண்டு ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமா படித்து, 2013-ல் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்தேன். திருமணத்துக்குப் பிறகு மும்பை சயான் கோலிவாடாவில் குடியிருக்கிறேன். 20 படுக்கை உள்ள ஒரு நர்சிங் ஹோமில் ஆறு ஆண்டுகளாக வேலை. சேரும்போது டாக்டர் என் அசல் சான்றிதழ்களை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டார். தமிழ்நாட்டுப் பதிவே இங்கே போதும் என்றும் சொன்னார். இப்போது மாநகராட்சி மருத்துவமனை நர்ஸ் வேலைக்கு முயற்சி செய்தால் மகாராஷ்டிரப் பதிவு எண் கேட்கிறார்கள். சான்றிதழில் ஆர். முத்துலட்சுமி என்று இருக்கும் என் பெயர், ஆதாரில் கணவர் பெயரோடு வேறு எழுத்தில் இருக்கிறது. 30,000 ரூபாய் கொடுத்தால் ஒரே வாரத்தில் நம்பர் வாங்கித் தருவதாக ஒரு ஏஜென்ட் சொல்கிறார். டாக்டரோ, புதுச் சட்டம் வந்துவிட்டது, இனி மாநிலப் பதிவே வேண்டாம் என்கிறார். இரவில் சில சமயம் மௌசிதான் (வார்டு ஆயா) ஊசி போடுகிறார். மருந்து கொடுத்ததைக் குறிக்கும் புத்தகத்தில் கையெழுத்து என்னுடையது. நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகியின் பெயர் மாற்றப்பட்டுள்ளது.)

பதில்: சகோதரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய கடைசி வரியைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றவை எல்லாம் அலைந்து தீர்க்கக்கூடிய சிக்கல்கள். இது அப்படி அல்ல.

வார்டில் பெருக்கித் துடைக்கும் மௌசி ஊசி போட்டு, நோயாளிக்கு ஏதாவது ஆகிவிட்டால், போலீசார் முதலில் புரட்டுவது அந்தப் புத்தகத்தைத்தான். அதில் இருப்பது உங்கள் கையெழுத்து. மௌசியின் பெயர் அதில் எங்கும் இருக்காது. டாக்டரின் பெயரும் பெரும்பாலும் இருக்காது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1)-வது பிரிவின்படி, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் ஐந்து ஆண்டு வரை சிறை. பதிவுபெற்ற மருத்துவர் சிகிச்சையின்போது செய்த தவறு என்றால் அது இரண்டு ஆண்டாகக் குறைகிறது. ஆனால் அந்தச் சலுகை யாருக்கு என்பதை அதே பிரிவு விளக்கிவிடுகிறது: மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும். நர்ஸ் அதில் வரமாட்டார். ஒரே அறையில், ஒரே நோயாளியின் பக்கத்தில் நிற்கும் டாக்டருக்கு இரண்டு, உங்களுக்கு ஐந்து. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாடு நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் இப்போது இப்படித்தான் இருக்கிறது.

ஆகவே இன்று இரவிலிருந்து, உங்கள் கையால் கொடுத்த மருந்துக்கு மட்டும் கையெழுத்திடுங்கள். டாக்டர் போனில் சொல்லி நீங்கள் கொடுத்தால், எத்தனை மணிக்குச் சொன்னார், என்ன மருந்து, எவ்வளவு என்பதை அப்போதே எழுதி, ‘போனில் சொன்னது’ என்றும் குறித்துவிடுங்கள். காலையில் அவர் ரவுண்ட்ஸ் வரும்போது அந்த வரியின் பக்கத்தில் அவருடைய கையெழுத்தை வாங்கிவிடுங்கள். முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

இனி பதிவு. உங்கள் டாக்டர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதால்தான் அது இத்தனை ஆண்டு எடுபட்டிருக்கிறது. 1947-ம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், 11-வது பிரிவில், அங்கீகாரம் பெற்ற படிப்பை முடித்தவர் எந்த மாநிலப் பதிவேட்டிலும் சேரத் தகுதியுடையவர் என்கிறது. சேரத் தகுதி உண்டு என்றுதான் சொல்கிறது. தானாகச் சேர்ந்துவிட்டதாகச் சொல்லவில்லை. உங்களைச் சென்னையில் சேர்த்தது 1926-ம் ஆண்டின் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டம். இங்கே இருப்பது 1966-ம் ஆண்டின் மகாராஷ்டிர செவிலியர் சட்டம். அதற்குத் தனிக் கவுன்சில், தனிப் பதிவாளர், தனிப் பதிவேடு. ஒரு பேச்சுக்குச் சொன்னால், இந்தப் பதிவு விஷயத்தில் சென்னை பம்பாயை முந்திக்கொண்டது. பம்பாய்க்கு இப்படி ஒரு சட்டம் வந்தது 1935-ல்தான்.

ஒரு மாநிலத்தில் பதிவு செய்தவர் மற்ற மாநிலத்தில் வேலை பார்க்கலாகாதா என்று நீதிமன்றத்தில் வாதிட இடம் இருக்கிறது. நானே கூட வாதிடுவேன். ஆனால் மாநகராட்சியின் விண்ணப்பம் வாங்கும் மேசையில் அந்த வாதம் செல்லாது. அங்கே கேட்பது மகாராஷ்டிர எண். அது இல்லையென்றால் உங்கள் தாள் அந்த மேசையைத் தாண்டாது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே ஒரு நர்சிங் ஹோம் நடத்த 1949-ம் ஆண்டின் நர்சிங் ஹோம் பதிவுச் சட்டப்படி மாநகராட்சியிடம் பதிவு பெற வேண்டும். பதிவுபெற்ற செவிலியர் போதிய அளவில் இருப்பது அதற்கு ஒரு நிபந்தனை. எனவே உங்கள் பெயர் அவருக்குத் தேவை. சம்பளத்தில் அந்தத் தேவை தெரிகிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும். தனியார் மருத்துவமனை நர்சுகள் தொடர்பாக 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடங்களில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. அது பரிந்துரைதான், அதைக் காட்டி வழக்குப் போட்டால் பணம் வந்துவிடும் என்று நம்பிக்கை ஊட்ட மாட்டேன்.

வழி இதுதான். இரு மாநிலங்களுக்கிடையே பதிவை ஏற்றுக்கொள்வதை நம் நர்சுகள் ‘ரெசிப்ரோகல்’ என்பார்கள். சென்னை சாந்தோமில் உள்ள கவுன்சிலிடம் தடையில்லாச் சான்று கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். இந்த நர்ஸ் எங்கள் பதிவேட்டில் இருக்கிறார், இவர் மேல் புகார் எதுவும் இல்லை என்று அவர்கள் இங்கே உறுதி சொல்ல வேண்டும். நீங்கள் பதிவு செய்த காலத்தில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது: ஆதாரை வைத்து ஒவ்வொரு நர்சுக்கும் தேசிய அளவில் தரப்படும் அடையாள எண். என்.யு.ஐ.டி. என்பது அதுதான். முதலில் அதைத் தமிழ்நாட்டுக் கணக்கில் பெறுங்கள். பிறகுதான் இடமாற்றம்.

சென்னையிலிருந்து பதிலே வரவில்லை என்றால் ரயில் ஏற வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில், என் விண்ணப்பம் எந்த நிலையில், யார் மேசையில் இருக்கிறது என்று 10 ரூபாய்க் கட்டணத்துடன் ஒரு கடிதம் எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். என் அனுபவத்தில், பதில் வருவதற்கு முன்பே கோப்பு நகர்ந்துவிடும். இங்குள்ள கவுன்சிலுக்கு எழுதுவதானால் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ எழுத வேண்டும். எதற்கும் அசையவில்லை என்றால் இருக்கவே இருக்கிறது உயர் நீதிமன்றம். கவுன்சில் சட்டத்தால் ஆன அமைப்பு, அதன் கடமையைச் செய்ய உத்தரவிடக் கேட்கும் ரிட் மனு அதன் மேல் செல்லும்.

இதற்கெல்லாம் அசல் வேண்டும். அசல் பீரோவில் இருக்கிறது.

உங்கள் சான்றிதழை வைத்துக்கொள்ள அவருக்கு எந்த உரிமையும் இல்லை. அடகு வைக்கும் பொருளா அது? வக்கீல்களாகிய எங்களுக்கே இந்தப் பாடம் கிடைத்திருக்கிறது: பீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் வழக்குக் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டு, விற்றுக் காசாக்கும் சரக்கு அல்ல என்பதே காரணம். சான்றிதழும் அப்படியே. முதலில் மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள்: இன்ன தேதியில் இன்னின்ன அசல்களைத் தங்களிடம் ஒப்படைத்தேன், கவுன்சிலில் காட்ட வேண்டியிருப்பதால் ஏழு நாளில் திருப்பித் தர வேண்டுகிறேன் என்று. நகலில் கவுண்டரின் முத்திரையோ கையெழுத்தோ வாங்குங்கள். அதைப் போட மறுத்தால் கடிதத்தை ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றைப் பத்திரப்படுத்துங்கள். அதற்குப் பிறகு ஒரு வக்கீல் நோட்டீஸ் போதும். போலீஸ் புகார் வரை பெரும்பாலும் போகாது, ஏனென்றால் அந்தப் பீரோவில் வேறு யார் யாருடைய சான்றிதழ்கள் இருக்கின்றன என்ற கேள்வியை அவர் விரும்பமாட்டார். அந்த வேலையை விட்டு வெளியே வரும் அன்று, உங்கள் பெயரைத் தங்கள் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கும்படி ஒரு வரி எழுதிக் கொடுத்து, அதற்கும் ஒப்புகை வாங்கிவிடுங்கள். போய்விட்ட நர்சின் சான்றிதழ் நகலைப் பிரேம் போட்டுச் சுவரில் மாட்டி, ஆய்வாளரிடம் காட்டும் இடங்கள் இந்த ஊரில் உண்டு.

ஏஜென்டைப் பற்றி நீளமாக எழுத ஒன்றுமில்லை. அவர் தரும் எண் கவுன்சிலின் கணினியில் இருக்காது, அல்லது வேறொருவருடையதாக இருக்கும். பொதுப் பதிவேட்டைப் போலியாக்குவதற்கு ஏழு ஆண்டு வரை தண்டனை. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்துபவருக்கும் செய்தவருக்கு உள்ள தண்டனையே. உண்மையான தகுதியைக் கையில் வைத்துக்கொண்டு போலிக்கு 30,000 ரூபாய் கொடுப்பதைப்போல வேதனையான காரியம் வேறில்லை.

புதுச் சட்டம் என்று டாக்டர் சொல்வது 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங், மருத்துவச்சிப் பணி ஆணையச் சட்டம். அவர் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. மாநில ஆணையம், மாநிலப் பதிவேடு என்ற ஏற்பாடு அதிலும் இருக்கிறது. மாநிலப் பதிவு வேண்டாம் என்று அது எங்கும் சொல்லவில்லை.

ஆறு ஆண்டு இங்கே பதிவில்லாமல் இருந்ததற்கு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. பயந்துதான் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். படிப்பு உண்மை, சென்னைப் பதிவு உண்மை என்னும்போது, தானாக முன்வந்து விண்ணப்பிப்பவரை விரட்டிப் பிடிக்க யாரும் வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. படிவத்தில் எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டால் உள்ளதை எழுதுங்கள். பொய் எழுதி வாங்கிய பதிவு பின்னால் எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும். பதிவு கிடைத்தபின் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அந்த ஐந்து ஆண்டில் 150 மணி நேரத் தொடர் கல்வி என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வைத்திருக்கும் அளவு. வகுப்புக்குப் போனதற்கான சீட்டை அன்றன்றே கோப்பில் சேருங்கள்.

மாநகராட்சி விளம்பரம் வரும்போது கடைசித் தேதியைப் பாருங்கள். நேர்முகத் தேர்வுக்குள் எண் வந்துவிடும் என்று துணிந்து விண்ணப்பித்துவிடாதீர்கள். கடைசித் தேதியன்று இருக்கும் தகுதியே கணக்கு என்பது 1997-லேயே உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம்.

மீதி இருப்பது பெயர். இந்த ஊருக்கு வந்த தமிழர்களில் பாதிப் பேருக்கு இந்தத் தலைவலி உண்டு. நமக்கு ‘ஆர்.’ என்ற ஓரெழுத்தில் அப்பா அடங்கிவிடுவார். இங்குள்ள படிவத்துக்கு மூன்று கட்டம்: தன் பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், குடும்பப் பெயர். நமக்கு மூன்றாவது கிடையாது என்று சொன்னால் நிரப்புகிறவர் நம்பமாட்டார். கணவர் பெயரைத் தூக்கிக் கடைசியில் போட்டுவிடுவார். போதாக்குறைக்கு, மதுரையில் கே, எஸ், எச் போட்டு எழுதிய லட்சுமியை இங்கே எக்ஸ் போட்டு எழுதுவார்கள். கணினிக்கு அவர்கள் இரண்டு பெண்கள்.

திருமணமானால் கணவர் பெயரைச் சேர்த்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. எனவே கெஜட்டில் பெயர் மாற்றம் என்று யாராவது கிளப்பினால் அவசரப்பட வேண்டாம். கெஜட்டில் மாற்றினால் பத்தாம் வகுப்பு, ஜி.என்.எம்., சென்னைப் பதிவு என்று ஒவ்வொன்றையும் துரத்த வேண்டும். மாறியிருப்பது ஆதார் ஒன்றுதான். அதைச் சான்றிதழுக்கு இழுத்து வாருங்கள். பான் கார்டிலும் வங்கிக் கணக்கிலும் ஆதார்ப் பெயரே ஏறியிருந்தால் அவற்றைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். அதுவரை, இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று ஒரு பிரமாணப் பத்திரமும் திருமணச் சான்றும் கையில் இருக்கட்டும்.

ஆனால் ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த விடுவார்கள். கணவர் பெயரைச் சேர்த்ததில் ஒன்று ஏற்கெனவே போயிருந்தால் உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. மையத்துக்குப் போகும்போது பத்தாம் வகுப்புச் சான்றையும் எடுத்துச் செல்லுங்கள். அவர் தட்டச்சு செய்து முடித்ததும் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, சான்றை அருகில் வைத்து ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். எக்ஸ் இருந்தால், அதைத் திருத்தும்வரை விரலை வைக்காதீர்கள்.