பசி தீராத அப்பம் எப்படி உணவாகும்?

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. வரும் மே மாதம் புதுநன்மை, அதாவது முதல்முறையாக நற்கருணை, வாங்க இருக்கிறாள். பூசையில் கொடுக்கும் அப்பமாகிய நற்கருணை ஆன்மாவின் உணவு என்று மறைக்கல்வி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். “அவ்வளவு சின்ன அப்பம் எப்படி அம்மா சாப்பாடாகும்? பூசை முடிந்து வந்ததும் நீங்களே இட்லி சாப்பிடுகிறீர்களே?” என்று கேட்கிறாள். அது ஓர் அடையாளம்தான் என்று சமாளித்தேன். சாமி காரியத்தில் கேள்வி கேட்கக் கூடாது என்கிறார் மாமியார். நான் என்ன சொல்ல வேண்டும்?
- ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் மகள் கேட்டதைக் கப்பர்நாகூமில் பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள். வயிறார அப்பம் உண்ட கூட்டம் மறுநாளும் தேடி வந்தபோது, “வாழ்வு தரும் உணவு நானே” என்றார் இயேசு. தம் சதையை உண்ணக் கொடுப்பதாகவும் சொன்னார். இது எப்படி முடியும் என்று முணுமுணுத்துப் பலர் விலகிப் போனார்கள். போனவர்களைத் திரும்ப அழைத்து, ‘நான் உவமையாகத்தான் சொன்னேன்’ என்று அவர் சமாதானம் சொல்லவில்லை என்பதை யோவான் நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் காணலாம். நற்கருணை அடையாளமும்தான், ஆனால் நீங்கள் சொன்ன ‘அடையாளம்தான்’ என்பதில் உள்ள ‘தான்’ திருச்சபையின் நம்பிக்கையைக் குறைத்துவிடுகிறது. தோற்றமும் சுவையும் அப்பத்தினுடையவை. அங்கே இருப்பவர் இயேசு.

இதைக் குழந்தைக்கு அப்பத்திலிருந்து விளக்கத் தொடங்காமல், பசியிலிருந்து தொடங்குங்கள். தம்பியை அடித்துவிட்டு, தவறென்று தெரிந்தும் மன்னிப்புக் கேட்க வாய் வராமல் நின்ற ஒரு நாளை அவளுக்கு நினைவூட்டுங்கள். அப்போது வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் உள்ளே ஏதோ ஒன்றுக்குத் தெம்பு போதவில்லை. அதுவும் ஒரு பசி என்று அவளுக்குப் புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிறகு ஓர் இரவில் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் எலியாவின் கதையைச் சொல்லுங்கள். உயிருக்கு அஞ்சி ஓடி, போதும் ஆண்டவரே என்று சூரைச்செடியின் அடியில் படுத்துவிட்ட அவரை வானதூதர் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து, பயணம் நெடியது என்றார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது பகலும் நாற்பது இரவும் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். நம் ஊர்ப் பேச்சில் அது கட்டுச்சோறு. இறக்கும் தறுவாயில் இருப்பவருக்குக் கொடுக்கும் நற்கருணையை வழியுணவு என்று திருச்சபை அழைப்பதும் இந்தப் பொருளில்தான். நோயுற்றோர் வீட்டுக்குச் சாமியார் நன்மை, அதாவது நற்கருணை, கொண்டு செல்லும் நாளில், அனுமதி கேட்டு அவளையும் கூட்டிச் செல்லுங்கள். எழுந்து நடக்க முடியாத ஒருவர் அதற்காகக் காத்திருப்பதைப் பார்ப்பது பத்து வகுப்புகளுக்குச் சமம்.

இட்லிக் கேள்விக்குப் புனித அகுஸ்தினாரிடம் ஒரு பதில் இருக்கிறது. நீ உண்ணும் மற்ற உணவு நீயாக மாறுகிறது. என்னை உண்டாலோ நீ நானாக மாறுவாய் என்று ஆண்டவர் தம்மிடம் சொல்வதுபோல் உணர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். இட்லி அவளுடைய இரத்தமும் எலும்பும் ஆகிறது. நற்கருணையோ அவளைக் கொஞ்சம் கொஞ்சமாக இயேசுவைப் போல் ஆக்குகிறது. எட்டு வயதுக்கு இது எட்டும். ஆனால் ‘நேற்றுதானே நன்மை வாங்கினாய், இன்றைக்கே பொய் சொல்கிறாயே’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அப்படிக் கேட்டுக் கேட்டுப் பீடத்துக்கு வரவே தயங்கிய பிள்ளைகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒரு வேளைச் சோற்றில் எந்தப் பிள்ளையும் உயரமாவதில்லை.

மாமியாரிடம் பணிவாக ஒன்றைச் சொல்லலாம். பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளைக் காக்க வைத்த வழக்கத்தை 1910-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் மாற்றி, ஏறக்குறைய ஏழு வயதில் நன்மை கொடுக்கலாம் என்றபோது, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியும் தெளிவு வேண்டும் என்றே கேட்டார். உங்கள் மகளின் கேள்வி அந்தத் தெளிவை நோக்கித்தான் போகிறது. அதே சமயம், கோவிலில் நற்கருணை வைத்திருக்கும் பேழையின் முன் முழந்தாளிடும் பக்தியை அவள் பாட்டியிடம்தான் கற்க வேண்டும். அதை எந்த வகுப்பும் கொடுக்காது. நன்மை வாங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேர உபவாசத்தையும் இருவரும் சேர்ந்து அனுசரிக்கட்டும். வெள்ளைக் கவுனும் பிரியாணியும் எப்படியும் நடக்கும், அவற்றைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை.

வரும் ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்பும் வழியில், “அன்றைக்கு அம்மா சொன்னது பாதிதான்” என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள்.